தோள் பட்டை பூட்டிய பிறகு

சைதாப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பேச்சில் கெட்டிக்காரி. "நீ பக்கத்துல குந்திக்கினா எமனே எடம் கேட்டுத்தான் ஒக்காரணும்" என்பாள். என் பருமனை அவள் சொன்னால் எனக்கும் சிரிப்புதான் வரும்.

போன வருஷம் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இருவரும் போனோம். தலைகுப்புறக் கவிழ்க்கும் ராட்டினத்தில் ஏறியே ஆக வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க அவள்தான் குதித்தாள். எனக்கோ, தோளுக்கு மேல் இறங்கும் இரும்புப் பட்டை என் உடம்புக்குப் பூட்டுமா என்பதே கவலை.

"மூச்ச வுட்டுட்டு நேரா ஒக்காருக்கா" என்று சொல்லி ஊழியர் பட்டையை அழுத்தினார். டக்கென்று பூட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டா கீதுக்கா" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பக்கத்து இருக்கையில் அவள் மேலே பார்த்தபடி வெளிறிப்போயிருந்தாள். திடீரென்று கத்தினாள்: "தம்பி, தொறந்து வுடுப்பா! இவளுக்கு டைட்டா கீது, மூச்சு முட்டுது. நானும் எறங்கிக்கிறேன், தனியா வுட முடியாது."

"எனக்கு ஒண்ணும் இல்லியே" என்றேன். வரிசையில் நின்றவர்கள் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். ஊழியர் இருவருக்கும் திறந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டே புருஷனுக்கு போன் போட்டாள். "அவளுக்கு பெல்ட்டு பத்தல, பாவம். அதான் நானும் ஏறல."

பயமாக இருக்கிறதென்று என் காதில் மட்டும் சொல்லியிருந்தால், எனக்குப் பத்தவில்லை என்று நானே சொல்லி அவளை இறக்கியிருப்பேன்.