வெளியூர் ஓட்டும் உள்ளூர் கழிவறையும்

கே.ஜி.எஃப் என்னும் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கும் ராகுலனுக்கு ஐம்பத்தொரு வயது. தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூரு கிருஷ்ணராஜபுரம் போய், ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் குடோனில் ஸ்டோர் கீப்பராக நின்றுவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவார். இது பிழைப்பு. அவருடைய உண்மையான உத்தியோகம் வேறு. ‘ஊரிகம் குரல்’ என்ற வலைப்பூவை ஒன்பது வருடமாக நடத்திவருகிறார். அதில் மாதந்தோறும் வாசகர் ஓட்டெடுப்பு உண்டு.

ஓட்டெடுப்பைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ‘ரயிலில் கர்சீஃப் போட்டு சீட் பிடிப்பது நியாயமா?’ என்று ஒருமுறை கேட்டார். நாற்பத்தொரு பேர் ஓட்டுப்போட்டார்கள். முப்பத்தெட்டுப் பேர் அது அநியாயம் என்றார்கள். மறுநாள் காலை அவர் போகும் ரயில் பெட்டியில் ஏறியவர்கள் எண்ணிப் பார்த்தபோது, சீட்டுகளின் மேல் முப்பத்தெட்டு கர்சீஃப்புகள் கிடந்தன. மக்கள் கருத்து எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ராகுலனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஓட்டெடுப்பு போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். பங்காருப்பேட்டை வருவதற்குள் பதினைந்து தடவை போனைப் பார்ப்பார். சிக்னல் கிடைக்காவிட்டால் எழுந்து கதவருகே போய்க் கையை வெளியே நீட்டுவார். ‘சார், கைய உள்ள எடுங்க, கம்பம் வருது’ என்று யாராவது கத்துவார்கள். அவர் கையை எடுத்துவிட்டு மறு கதவுக்குப் போவார்.

இந்த அக்டோபரில் அவர் போட்ட ஓட்டெடுப்பு வீட்டைப் பற்றியது. வீட்டில் கழிவறை கிடையாது. லைன் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரிசை இருக்கிறது. ராகுலன் வீட்டிலிருந்து எண்ணினால் முப்பத்தாறு வாசல் தாண்ட வேண்டும். அவருடைய மனைவி தென்றலுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. போன மழையில் பொதுக் கழிவறைப் படியில் வழுக்கி விழுந்து மூன்று வாரம் படுத்துக் கிடந்தாள். இந்த மழை வலுப்பதற்குள் வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டிவிட வேண்டும் என்று சொன்னாள். இடமும் அவளே பார்த்துவிட்டாள். பின்னறையின் வடக்கு மூலை. குழாய் வரும், கழிவு போகும், வேறெங்கும் முடியாது என்று மேஸ்திரி ராஜப்பாவும் அளந்து சொல்லிவிட்டார்.

அந்த மூலையில் ராகுலனின் மேசை இருந்தது. ‘ஊரிகம் குரல்’ அங்கிருந்துதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன் அண்ணே. அதுக்கப்பறம் பங்காருப்பேட்டைல பெரிய வேல கீது. போனேன்னா நாலு மாசம் திரும்ப மாட்டேன்” என்றார் ராஜப்பா.

“ஒரு வாரம் குடுங்க. ஜனங்களக் கேட்டுடலாம்” என்றார் ராகுலன்.

“எந்த ஜனங்கள?” என்றாள் தென்றல்.

ராகுலன் கேட்ட கேள்வி இது: ‘நூறாண்டு கண்ட லைன் வீட்டின் வடிவைச் சிதைத்து, சுரங்கத்தில் உழைத்த நம் முன்னோரின் நினைவை உடைத்து, அங்கே கழிவறை கட்டலாமா?’ நடுநிலை தவறாத மூன்று விடைகளும் கொடுத்திருந்தார். ஒன்று, வேண்டாம். இரண்டு, வேண்டவே வேண்டாம். மூன்று, கட்டலாம். கீழே கூடுதலாக, ‘நீங்கள் எந்த ஊரிலிருந்து?’ என்றும் கேட்டிருந்தார். தம் வாசகர்கள் உலகமெங்கும் பரவியிருப்பதை மனைவிக்குக் காட்ட அவருக்கு வெகு நாளாக ஆசை.

உலகம் அவரைக் கைவிடவில்லை. பெர்த்தில் இருக்கும் பள்ளித்தோழன் ஃப்ரெடி முதல் ஆளாக எழுதினான்: ‘கை வெக்காதே மச்சான். அது வூடு இல்ல, நம்ம சரித்திரம்.’ துபாயிலிருந்து ஒருவர் கண்ணீர் விடும் முகங்கள் ஆறு அனுப்பினார். பெங்களூரு அபார்ட்மெண்ட் பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒரு பெண்மணி, பொதுக் கழிவறைக்குப் பக்கெட்டோடு போன அந்த நாட்களின் ஒற்றுமை இன்று எங்கே என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ராகுலன் நின்றபடியே முடிவை வாசித்தார்.

“மொத்தம் இருநூத்திப் பதினாலு. வேண்டாம், நூத்திப் பதினெட்டு. வேண்டவே வேண்டாம், எண்பத்தஞ்சு. கட்டலாம், பதினொண்ணு. நான் இன்னா செய்யட்டும் தென்றலு? ஜனநாயகம்.”

தென்றல் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். “ஃப்ரெடி இன்னா போட்டாரு?”

“வேண்டவே வேண்டாம்.”

“போன மாசம் புது வூட்டு போட்டோ அனுப்பிச்சாரே. அதுல எத்தினி பாத்ரூமு?”

ராகுலன் சற்று யோசித்தார். “மூணு.”

“சரி. நம்ம ஊர்லேர்ந்து எத்தினி பேரு போட்டாங்க?”

அதைத் தேடுவதற்குத்தான் நேரம் பிடித்தது. வெளிநாடு தொண்ணூற்றாறு, பெங்களூரு எழுபத்துநாலு, தமிழ்நாடு முப்பத்தேழு. கே.ஜி.எஃப் ஏழு. அந்த ஏழில் ஆறு ‘கட்டலாம்’. ஒன்று ‘வேண்டவே வேண்டாம்’.

“ஆறு பேரு கட்டுன்றாங்க. அந்த ஒருத்தரு யாரு?”

“ரகசிய ஓட்டு. கேக்கக் கூடாது” என்றார் ராகுலன். சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், தண்ணீர் குடித்தார், மறுபடி வாசலுக்குப் போனார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை தூறலில் தென்றல் முப்பத்தாறு வாசல் நடந்து வரிசையில் நின்றாள். குடையும் பக்கெட்டுமாக ஒன்பது பேர் முன்னால் நின்றார்கள். அங்கேயே விசாரணையைத் தொடங்கினாள்.

“நாந்தான் போட்டேன், கட்டலாம்னு. எம் மருமகளும் போட்டா. நீ கட்னா அவசரத்துக்கு நாங்களும் வரலாமில்ல?” என்றாள் பக்கத்து வீட்டு ஞானசுந்தரி.

தையல்கடைக்காரர் போட்டிருந்தார். கிருஷ்ணம்மா பேரனிடம் சொல்லிப் போட வைத்திருந்தாள். மேஸ்திரி ராஜப்பாவும் போட்டதாக அவருடைய தங்கை சொன்னாள். வேலை கிடைக்குமே என்று போட்டாராம். தென்றல் தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டாள். ஆறு ஆயிற்று. வேறு யாரும் ஓட்டுப்போடவில்லை. லைனில் பாதிப் பேருக்கு ‘ஊரிகம் குரல்’ என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தவள் ஈரக் காலோடு மேசை எதிரில் நின்றாள்.

“ஆறு பேரும் கெடச்சுட்டாங்க. ஏழாவது ஆளு தோ இங்க உக்காந்துக்குனு கீறாரு.”

ராகுலன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

“ஒரு மேச தென்றலு. எனக்குன்னு இந்த வூட்ல கீறது இந்த ஒரு மூலதான்.”

“அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? ஊரு ஒலகத்தக் கேட்டீங்களே, என்னக் கேட்டீங்களா?” அவள் சத்தம் போடவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். கீழே குனிந்து காலைத் துடைக்கப் பார்த்தாள். பாதி குனிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ராகுலன் துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்தார். அப்போது மாரிகுப்பத்துப் பக்கமிருந்து ரயிலின் ஊதல் கேட்டது. ராஜப்பா அந்த ரயிலில்தான் பங்காருப்பேட்டைக்குப் போகிறார்.

ஒன்பது வருடமாக நிலைகொள்ளாமல் அலைந்த மனிதர் அன்றுதான் ஒரு திசையில் ஓடினார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டார். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் நின்றிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தட்டிக்கொண்டே போய், நாலாவது பெட்டியில் ராஜப்பாவைப் பிடித்தார்.

“ராஜப்பா, எறங்குங்க! மேசைய எடுத்துடறேன்!”

“இருநூத்திமூணு பேரு வேணாம்னாங்களாமே அண்ணே?”

“அவங்க யாரும் இந்த ரயில்ல இல்ல. எறங்குங்க!”

வண்டி நகர ஆரம்பித்தபின்தான் ராஜப்பா கரணையும் தூக்குக்குண்டும் இருந்த பையோடு குதித்தார். ராகுலன் அவரைப் பிடித்தாரா, அவர் ராகுலனைப் பிடித்தாரா என்பது இன்னும் தெளிவாகவில்லை.

அரை மணி நேரத்தில் மேசை வாசலுக்கு வந்தது. அதன் மேல் ஞானசுந்தரி உடனே முறத்தை வைத்தாள். ராஜப்பா மூலையில் சாக்பீஸால் கோடு இழுத்தார்.

“கதவு உள்பக்கம் தொறக்கட்டுமா, வெளிப்பக்கமா?”

ராகுலனின் கை சட்டைப் பைக்குள் போய் போனைத் தொட்டது. தென்றல் அந்தக் கையைப் பார்த்தாள். கை வெறுமனே வெளியே வந்தது.

“உள்பக்கம்” என்றார் ராகுலன்.

“வெளிப்பக்கம். உள்ள தொறந்தா என் காலு எங்க போவும்?” என்றாள் தென்றல்.

“நானும் வெளிப்பக்கந்தான் சொல்வேன்” என்றார் ராஜப்பா.

இரண்டுக்கு ஒன்று. அங்கேயே எண்ணி, அங்கேயே அறிவித்து, கடப்பாரையைப் போட்டார்கள்.