“ஒங்க அம்மா வேலைக்குப் போனாவளா?”

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முதுகலை உளவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொழில் மற்றும் நிறுவன உளவியல் என் பிரிவு. சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், “பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறியாலே?” என்றுதான் கேட்பார்கள். வேலைக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலை செய்கிறவர் ஏன் சோர்ந்துபோகிறார், கிடைத்த வேலையை ஏன் பாதியில் விடுகிறார் என்றெல்லாம் படிக்கிற படிப்பு என்று விளக்க எனக்கும் ஆசைதான். வார்த்தை வராது. எனக்குத் திக்குவாய்.

சின்ன வயதிலிருந்தே உண்டு. ‘க’வும் ‘ப’வும் ரொம்பப் படுத்தும். பஸ்ஸில் ‘பாளை’ என்று கேட்க வராமல் ‘மார்க்கெட்’ என்று டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கிக் கல்லூரிக்கு நடந்த நாட்கள் ஏராளம்.

கடைசிப் பருவத்தில் ஆய்வு செய்ய வேண்டும். கங்கைகொண்டானில் உணவுப் பொருட்களைப் பாக்கெட் போடும் ஓர் ஆலையில் அனுமதி கிடைத்தது. அங்கே சேர்கிற பெண்கள் பலர் சில மாதங்களிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏன் என்பதுதான் கேள்வி. கேள்வித்தாள் கொடுத்து, டிக் அடிக்கச் சொல்லி, கணக்குப் போட்டு முடித்துவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். என் வழிகாட்டியான மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் உட்கார்ந்து பேட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

“எனக்குப் பேச வராது மேடம்.”

“பேச வேண்டியது அவங்கதான்ப்பா. நீ கேக்கத்தானே போற?”

ஆலையில் கேன்டீனுக்குப் பக்கத்து அறையை எனக்கு ஒதுக்கினார்கள். முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் நாலைந்து பெண்களை உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்கினேன். முதல் கேள்வியிலேயே ‘கம்பெனி’ தொண்டையில் நின்றுகொண்டது. நான் திணறுவதைப் பார்த்து ஒரு பெண், “கல்யாணமா தம்பி?” என்று எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேலி இல்லை, சும்மா வந்த சிரிப்புதான். ஆனாலும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரே ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வயது இருக்கும். மற்றவர்கள் மாதிரி பார்வையைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏட்டி, பைய இருங்க. அவரே சொல்லுவாரு” என்றார்.

மறுநாள் அவர் தனியாகப் பேட்டிக்கு வந்தார். மாதக் கடைசியில் வேலையை விடப்போவதாகச் சொன்னார். நான் உஷாரானேன். பஸ் நேரமா, நின்றுகொண்டே வேலை செய்வதா, சூப்பர்வைசரா என்று நான் படித்த காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. சம்பள நாளில் நிமிர்ந்து வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

“பொறவு ஏன்க்கா?”

“தம்பி, ஒண்ணு கேக்கேன். தப்பா நினைக்கக் கூடாது. ஒங்க அம்மா வேலைக்குப் போனாவளா?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. “இ... இல்லக்கா. வீட்டுலதான் இருந்தாங்க. இன்னைக்கு வரைக்கும்” என்றேன்.

உடனே அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகுதான் விவரம் தெரிந்தது. அவருக்கு நாலு வயதில் ஒரு மகள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை கொஞ்ச நாளாகத் திக்குகிறது. “நீ வேலைக்குப் போனதுலதான் பிள்ள ஏங்கி இப்படி ஆயிட்டுன்னு மாமியார் சொல்லுதாவ. அவ்வோ சொல்லச் சொல்ல வீட்டுக்காரரும் அதையே சொல்லுதாரு. எனக்கே இப்ப அப்படித்தான் தோணுது” என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, “இப்ப எங்கிட்ட சொன்னீயள்ல, அதை எங்க வீட்டுல வந்து சொல்லுதீயளா?” என்று கேட்டார்.

போகலாமா என்று கேட்க மேடத்திடம் ஓடினேன். பேட்டி கொடுத்தவரின் வாழ்க்கைக்குள் ஆய்வாளர் தலையிடக் கூடாது என்பது எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்தார். “ஆய்வுக்காரனா அந்த வீட்டுக்குப் போகாத. மனுஷனா போறதா இருந்தா போ. ஆனா அவங்க பேட்டியை ஆய்வுலேர்ந்து எடுத்துரணும். ஆலையில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. டாக்டர் மாதிரி எதையும் பேசிட்டும் வராத” என்றார்.

என்னிடம் இருந்ததிலேயே உயிருள்ள பேட்டி அதுதான். அதை நீக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் ஏறினேன். அந்த அக்காவின் வீடு அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, வாழைத் தோட்டங்களை ஒட்டிய தெருவில். கணவர் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமியார் மட்டும் கதவோரமே நின்றார். “கம்பெனியில இவளை விடாம பிடிச்சு வைக்க ஆளு அனுப்பியிருக்காவளோ?” என்று என் காதில் விழும்படியே கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பதற்றத்தில் வார்த்தை முழுதாக அடைத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்க நான் முட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியாமல் கணவர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் உள்ளே விளையாடிக்கொண்டிருந்த அந்தச் சிறுமி வந்து என் முன்னால் நின்றாள்.

“மாமா, ஒங்களுக்கும் சி... சி... சிக்குமா?”

“சிக்கும்” என்றேன், திக்குவதற்கு அவள் வைத்த சொல்லிலேயே.

“பொறவு?”

“பொ... பொறவு வந்துரும்.”

அவளுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் மூச்சு சீரானது. என் கதையைச் சொன்னேன். என் அம்மா ஒரு நாள்கூட வெளியே வேலைக்குப் போனதில்லை. அப்படியும் எனக்குத் திக்கியபோது, வயிற்றில் இருக்கையில் நாயைப் பார்த்துப் பயந்தாள், பிள்ளைக்குக் காலாகாலத்தில் மொட்டை போடவில்லை என்று அம்மாவைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். “இதுக்கு யா... யாரும் காரணம் இல்லம்மா” என்றேன்.

மாமியார் மெதுவாக வந்து தரையில் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. “பகல் பூரா பிள்ளைய வச்சிருக்கது நான். நாளைக்கு ஊர்ல, கிழவி வளத்த லட்சணத்தைப் பாருன்னு என்னையத்தானே தம்பி சொல்லுவாவ? எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. பெத்தவ வந்து பாத்துக்கிடட்டும்னு நினைச்சேன்.”

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமியாரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார் என்பது அந்த நிமிஷம் வரை அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் சின்ன வயதில் போன பேச்சுப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் விசாரித்து, அதற்கென்று படித்தவரிடம் பிள்ளையைக் காட்டச் சொன்னேன். அவள் சிக்கும்போது எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், “பாப்போம்” என்று மட்டும் சொன்னார். ஆனால் நான் கிளம்பும்போது, “ஆஸ்பத்திரியில எந்தக் கிழமை வரணும், எந்தப் பக்கம் போவணும்னு கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முடித்ததும் கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தார். “இதை யாராவது அன்னைக்கு நம்ம வீட்டுல வந்து சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் அம்மா இதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது.

அந்த அக்கா வேலையை விடவில்லை. பேத்தியைப் பயிற்சிக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வந்தது அந்த மாமியார்தான். அக்காவின் பேட்டி இல்லாமலே என் ஆய்வு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு பேட்டியிலும், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று சேர்த்துக் கேட்டேன். ஆலைக்குள் தேடிக்கொண்டிருந்த பல பதில்கள் அப்படித்தான் கிடைத்தன. வாய்மொழித் தேர்வில் வழக்கம்போலத் திக்கினேன், கேட்டவர்கள் காத்திருந்தார்கள், தேறிவிட்டேன்.

இப்போது ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுமி பள்ளிக்கூடம் போகிறாள். ரொம்பத் தேறிவிட்டாள், எப்போதாவது சிக்குகிறது என்று போன மாதம் அக்கா போனில் சொன்னார். என் குறை என்று நான் ஒளித்து வைத்திருந்த ஒன்று, ஒரு வீட்டில் இரண்டு பெண்களின் நெஞ்சிலிருந்த பயத்தையும் என் அம்மாவின் மனதிலிருந்த பாரத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இறக்கி வைத்தது என்று நினைக்கும்போதெல்லாம், அடுத்த வார்த்தையைத் தயங்காமல் பேசத் தொடங்குகிறேன்.