பெற்றவளுக்கான வேர்

டெனிஷ் மொழியில் 'பிறந்தது' என்பதற்கு ஃபோட் என்று ஒரு சொல். இறந்தே பிறந்தால் அதற்கு முன்னால் டோட் என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். நான் டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். லீவு முடிந்து திரும்பிய அன்று காலையில், என்னோடு உருளைக்கிழங்கு சீவுகிற சீனப் பெண், என் மகளுக்குப் பிள்ளை கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். சொன்னேன். சொல்லின் முன்பாதி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பின்பாதிதான் அவளுக்குக் கேட்டது. வாழ்த்துச் சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

எங்கள் இருவருடைய டெனிஷையும் கூட்டினாலும் பிழையில்லாத ஒரு வசனம் தேறாது. அதை வைத்துக்கொண்டே மாமியார், மூட்டுவலி, சம்பளம் எல்லாவற்றையும் பல வருடங்களாகப் பேசித் தீர்த்திருக்கிறோம். அன்றைக்குத்தான் அந்த அரைகுறை மொழி என்னைக் கொன்றது. அவளுடைய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு முழுச் சொல்லையும் இன்னொரு தடவை சொன்னேன். அவள் கையை எடுக்கவில்லை.

மகள் அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள். ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே கூட்டிவந்திருந்தோம். மருமகன் தங்கள் வீட்டில் தொட்டிலைக் கழற்றி வைக்கப் போயிருந்தார். பிறந்தது பெண் பிள்ளை. தலை நிறைய முடி. அதைப் பற்றி மகளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. அவள் எதையும் வாயில் வைக்கவில்லை. பாணும் தேத்தண்ணியும் அறைக்குள் கொண்டுபோய் வைப்பேன், பிறகு அப்படியே எடுத்துவந்து கொட்டுவேன். பெற்ற வயிறு எரிகிறது என்பார்களே, அது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல.

பிள்ளைப்பேற்றுக்கென்று மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துச் சரக்குத்தூள் செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டு, உள்ளிப்பூண்டும் சேர்த்துக் கறி வைத்துப் பெற்றவளுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஸ்கீவ என்ற ஊரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் அதைச் சொன்னேன்.

"பிள்ளையில்லாத வீட்டிலை சரக்கு என்னத்துக்கு? மணத்தைக் கண்டால் அவளுக்கு இன்னும் ஞாபகம் வரும். கவலைப்படாதை, அடுத்தமுறை அதே பிள்ளை திரும்பி வரும்," என்றாள்.

அக்கா நல்லவள்தான். இருந்தாலும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பேசிய எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், போன பிள்ளை ஏதோ கடைக்குப் போனது போல. ஆனால் சரக்குத்தூள் போத்தலை நானும் எடுக்கவில்லை. மணத்தைப் பற்றி அக்கா சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

அடுத்த கிழமை சீனத்தி ஓகூஸில் ஒரு கடையில் வாங்கிய வேரைக் கொண்டுவந்தாள். டாங் குவெய் என்று பெயர் சொன்னாள். மண்நிறத்தில், தலை தடித்து, கீழே பல வால்களாகப் பிரிந்திருந்தது. செலரியைப் போல மணத்தது. வேரின் தலையைக் காட்டித் தன் தலையைத் தொட்டாள், அது இரத்தத்தைப் பிடித்து நிறுத்துமாம். வாலைக் காட்டிக் காலை ஆட்டினாள், அது இரத்தத்தை ஓடவைக்குமாம். நடுவைக் காட்டி வயிற்றைத் தடவினாள், அதுதான் புதிதாக ஊறவைக்குமாம். மாதவிடாய்க் கோளாறுக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்கும் அவர்கள் ஊரில் இதைத்தான் முதலில் தேடுவார்களாம். மகளுக்கு நடுத்துண்டு மட்டும், இரத்தப்போக்கு அடங்கிய பிறகு, கோழியோடும் இஞ்சியோடும் என்றாள்.

"பிள்ளை இல்லையே," என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேர் பிள்ளைக்கு இல்லை. அம்மாவுக்கு," என்றாள். கரு கலைந்தவளைக்கூட அவர்கள் படுக்கவைத்துப் பராமரிப்பார்களாம், அதற்குச் சின்ன மாதம் என்று பெயராம். நிறைமாதத்தில் பெற்றவளுக்கு முழு மாதமும் உண்டாம், மடியில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியிடம் கேட்டேன். மகள் வேறு மருந்து எதுவும் எடுக்காததால் சூப்பில் கொஞ்சம் போடலாம் என்றார். இரத்தப்போக்கு அடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோழியோடும் இஞ்சியோடும் வேரை அவித்தேன். போத்தலைத் திறந்து சரக்குத்தூளிலும் ஒரு கரண்டி போட்டேன். மணம் வீடெல்லாம் பரவியது. மகள் தானாகவே எழும்பிக் குசினிக்கு வந்து மேசைக்கு முன்னால் இருந்தாள்.

இது என்ன என்று டெனிஷில் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே என்னோடு அப்படித்தான். வேரின் பெயரைச் சொன்னேன். போனில் தேடிப் பார்த்தாள்.

"திரும்பி வரவேணும் எண்டு அர்த்தமாம்," என்று தமிழில் சொன்னாள். "ஆர், அம்மா, திரும்பி வாறது?"

"ரத்தமடி, பிள்ளை. உன்ரை ரத்தம் அதின்ரை இடத்துக்கு."

அவள் கொஞ்சம் குடித்தாள். பிறகு கரண்டியை வைத்தாள். "எல்லாரும் அவள் திரும்பி வருவாள் எண்டினம். வந்தால் அது வேறை பிள்ளை. இவளை நான் பெத்தனான்தானே?"

"ஓம், பிள்ளை. நீ பெத்தனீ."

அதைச் சொல்லும்போதே அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து பரவியது. பால். நான் துவாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விடுங்கோ அம்மா," என்றாள். "அது அவளுக்கு வந்தது."