பானெட்டில் வைத்த குங்குமம்

திண்டிவனத்தில் மெக்கானிக் தேவநாதன் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஆறட்டும் மேஸ்திரி' என்றால் இளநீர் விற்கிறவர்கூடக் கை காட்டுவார். பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்கள் இஞ்சினைப் பார்த்துச் சொல்ல அவரைத்தான் கூட்டிப்போவார்கள். போனதும் பானெட்டைத் திறந்து இஞ்சின்மேல் உள்ளங்கையை வைப்பார். இளஞ்சூடு தெரிந்தாலும் போதும், 'ஆறட்டும்' என்று நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தேய்ந்துபோன இஞ்சின்கூடச் சூடாக இருந்தால் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். நன்றாகக் குளிர்ந்த பிறகு கிளப்பினால்தான் குட்டு வெளியே வரும்.

"வண்டி பார்க்க வந்தியா மேஸ்திரி, மாப்பிள்ளை பார்க்க வந்தியா?" என்று தரகர்கள் கேலி பண்ணுவார்கள். அவர் சிரித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒருதரம் அவர் கை வைக்காமல் விட்டார். அது அறுபத்தொன்றில், விழுப்புரத்தில். கோட்டக்குப்பம் யூசுப் அலி வாடகைக்கு ஓட்ட ஒரு கார் பார்த்திருந்தார். பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டு டீசல் இஞ்சின் பூட்டிய கார். தரகு பச்சைமுத்து. தேவநாதன் மாதம் தவறாமல் அமாவாசைக்குத் திருவக்கரை காளி கோயிலுக்குப் போகிறவர் என்பது பச்சைமுத்துவுக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் பானெட் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பி, குறுக்கே அரளி மாலையும் போட்டு வைத்திருந்தார்.

"வக்கிரகாளியம்மன் குங்குமம் மேஸ்திரி. வண்டி ராத்திரி பூரா இங்கயேதான் நின்னுக்கினு இருக்குது."

பானெட்டைத் திறக்க வேண்டுமென்றால் மாலையை எடுக்க வேண்டும், குங்குமம் கலையும். தேவநாதனுக்கு மனசு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, அப்படியே கிளப்பச் சொன்னார். ஒரே சுற்றில் கிளம்பியது. புகையைப் பார்த்தார். எடுத்துக்கொள்ளலாம் பாய் என்று சொல்லிவிட்டார். விடியுமுன்னே பச்சைமுத்து அரை மணி நேரம் இஞ்சினை ஓட விட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை, யூசுப் அலியின் மனைவி ஜுலைகா பீவிக்குப் பிரசவ வலி கண்டது. கார் கிளம்பவில்லை. தெருவே சேர்ந்து தள்ளியும் கிளம்பவில்லை. கடைசியில் மாட்டு வண்டி பூட்டிப் புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே அந்த அம்மாளும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

தேவநாதன் துக்கத்துக்குப் போனார். யூசுப் அலி ஏசவில்லை. "நீங்க சாமி கும்பிட்டதைப் பார்த்துத்தான் மேஸ்திரி நான் நம்புனேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து விடியற்காலையானால் தேவநாதன் காதில் கிர்ர், கிர்ர் என்று பற்றாத ஸ்டார்ட்டர் சத்தம் கேட்கும். பக்கத்தில் படுத்திருக்கும் அம்சவள்ளிக்கு ஒன்றும் கேட்காது. திருநீறு பூசிவிடுவாள். சத்தம் நிற்காது.

ஐந்து வருஷம் கழித்து, திருவெண்ணெய்நல்லூர் சுப்பராயலு என்கிற விவசாயி ஆள் அனுப்பினார். பிறந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளை நினைத்து அவசரமாகக் கார் தேடிக்கொண்டிருந்தார். விற்கிறவர், திண்டிவனத்து மேஸ்திரி வந்து பார்த்தால்தான் கொடுப்பேன் என்கிறாராம்.

விழுப்புரம் சத்திரத்து வாசலில் முதல் நாளே காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தேவநாதன் விடிகாலையில் போனபோது பக்கத்தில் யூசுப் அலி நின்றார். காருக்கு நீல வண்ணம் அடித்திருந்தது. ஆனாலும் அதே கார் என்று அடையாளம் தெரிந்தது.

"இஞ்சினை முழுக்கப் பிரிச்சுச் செஞ்சிட்டேன். பாருங்க" என்றார் யூசுப் அலி. பார்வை தரையில் இருந்தது.

தேவநாதன் பானெட்டைத் திறந்து கை வைத்தார். பனியில் நனைந்த கல் மாதிரி சில்லென்றிருந்தது. கிளப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். இல்லை. மூன்று தரம் அணைத்து அணைத்துக் கிளப்பினார். ஒரு குறையும் இல்லை.

"என்ன மேஸ்திரி, எடுத்துக்கலாமா?" என்று சுப்பராயலு கேட்டார்.

எடுத்துக்கொள்ளலாம் என்ற அதே சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. தேவநாதன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சின் நல்லா இருக்குதுங்க. பழுது கிடையாது. ஆனா இந்த வண்டி கிளம்பாம ஒரு பிள்ளைத்தாச்சி செத்துப்போனாங்க. அன்னைக்கும் நல்லா இருக்குதுன்னு சொன்னவன் நான்தான். ரெண்டையும் சொல்லணுங்க."

சுப்பராயலுவின் முகம் வெளுத்தது. மகளுக்கு என்று வாங்க வந்த வண்டி. காரைத் தொட்டிருந்த கையை வேட்டியில் துடைத்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் பாய் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

"இஞ்சினை மட்டுந்தானே மேஸ்திரி பார்க்கச் சொன்னேன்" என்றார் யூசுப் அலி. "இதை வாசல்ல வச்சுக்கினு என்னால இருக்க முடியல."

தேவநாதன் பானெட்டை இறக்கி மூடினார். யூசுப் அலி முன்கதவைத் திறந்தார்.

"ஏறுங்க. சுத்துனா பரவாயில்ல, திண்டிவனத்துல விட்டுட்டுப் போறேன்."

வண்டி சீராக ஓடியது. மயிலம் தாண்டியது. பின் சீட்டில் யாரோ களைத்துப்போய்ச் சாய்ந்திருப்பதுபோல, பள்ளம் வந்தபோதெல்லாம் யூசுப் அலி மெதுவாக இறக்கி ஏற்றினார். தேவநாதனும் திரும்பிப் பார்க்கவில்லை.