சிவப்பு வட்டம் போட்ட திகதி

அலுமாரியின் கீழ்த்தட்டில், நான் உடுத்துப் பழசான சாரங்களுக்கு அடியில் நீங்கள் கண்டெடுத்த கடதாசியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்த கடிதம். மேலே என் பெயரும் கட்டுகஸ்தோட்டை வீட்டு முகவரியும் இருக்கும். திகதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். "இதை உங்களுக்கு அனுப்பினது யார் வாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். அனுப்பியவனும் நான், பெற்றவனும் நான். வாயால் சொல்லப் போனால் ஒழுங்காக வராது, அதனால் எழுதித் தருகிறேன். எட்டாம் வகுப்பும், அதற்கு மேல் கண்டியில் பதினொரு மாதக் கொமர்ஷியல் வகுப்பும்தான் என் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்து வாசியுங்கள்.

முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினெட்டு வயது. அந்த வருடங்களில் நோன்பு மாதம் நல்ல குளிர்காலத்தில் வந்தது. ஜனவரிக் காலையில் பாலத்தில் நின்றால் கீழே மகாவலி இருப்பது சத்தத்தால் மட்டுமே தெரியும். தண்ணீரும் தெரியாது, அக்கரையும் தெரியாது, எல்லாம் பனி. நான் பாலத்தைக் கடந்து வந்து கண்டி பஸ்ஸில் ஏறுவேன். பஸ்ஸில் இருந்தபடியே முழங்காலில் விரல்களைத் தட்டிக்கொண்டு போவேன். குளிரில் விரல் மரத்துவிட்டால் மெஷினில் எழுத்துப் பதியாது.

என் வாப்பா மவுத்தாகி அப்போது ஆறு கிழமை. டிசம்பர் மாதத்து ஒரு புதன்கிழமை, லுஹர் தொழுகைக்கு முன், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். மூன்று பிடி மண் போட்டேன். துஆ ஓதும்போது எல்லாரும் கையேந்தி நின்றார்கள், நானும் ஏந்தினேன். ஏந்திய கையில் விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற மாமா கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழுகையை அடக்குகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. விரல்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

வியாழக்கிழமையும் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போய்க் காய்ச்சல் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள், முகத்தில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

மாமா உம்மாவின் தம்பி, அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். கலகெதரையில் புடவைக் கடை வைத்திருந்தார். வாப்பா போன பிறகு வீட்டுச் சாமான் எல்லாம் அவர் கையால்தான் வந்தது. வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் நானும். கணவனை இழந்த பெண்ணுக்குரிய இத்தாவை உம்மா இருந்தார், நான்கு மாதமும் பத்து நாளும் உள்ளறையை விட்டு வெளியே வர மாட்டார். கடைக்கு நம்பிக்கையான ஓர் ஆள் மாமாவுக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்டதில் பிழை இல்லை.

"மருமகன், அந்தப் பெட்டி தட்டுற படிப்பு எப்ப முடியிற?" என்று அந்தக் கிழமை திங்கட்கிழமை கேட்டார்.

"சனிக்கிழமை சோதனை மாமா."

"பாஸாகினா கந்தோர். இல்லாட்டி ஞாயித்துக்கிழம சாரத்தச் சுருட்டிக்கிட்டு கடைக்கு வந்துரு. என்த, சரியா?"

"சரி மாமா."

ஆனால் நான் கந்தோர் உத்தியோகத்துக்குப் போக ஆசைப்பட்டேன். உணர்ச்சி எல்லாம் மரத்துப் போயிருந்த அந்த நாட்களிலும் இந்த ஒரு ஆசை மட்டும் கல்லுப்போல உள்ளே கிடந்தது. கண்டியில் ஒரு தேயிலை ஏஜென்சிக் கந்தோரில் இரண்டு டைப் கிளார்க் இடம் காலியாக இருந்தது. சோதனையில் சுத்தமான பக்கம் அடிப்பவர்களின் பெயரை எங்கள் மாஸ்டர் அங்கே எழுதி அனுப்புவார். கடைக்குப் போய்விட்டால் பிறகு எனக்குத் திரும்பி வர வழியில்லை.

அந்தக் கிழமை எப்படி ஓடியது என்று சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு டைப் வகுப்பு. பதினாறு பேருக்கு எட்டு மெஷின். மெஷின் கிடைக்காத எட்டுப் பேர், மட்டையில் எழுத்துக்களை வட்டம் வட்டமாக வரைந்து மடியில் வைத்துத் தட்ட வேண்டும். பிறகு சுருக்கெழுத்து, பிறகு வியாபாரக் கடிதம். பகல் பஸ்ஸில் கலகெதரைக்குப் போவேன். பெருநாள் நெருங்கியதால் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். துணி அளந்து கிழித்துக் கிழித்துச் சுட்டுவிரல் ஓரம் தோல் உரிந்துவிட்டது. மஃரிப் பாங்கோடு நோன்பு திறக்கக் கடையிலேயே ஒரு பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும். திரும்பி வந்து உம்மாவுக்கு ஸலாம் சொல்லி, மட்டையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன். திங்கள் இப்படி, செவ்வாய் இப்படி. புதன்கிழமை வந்தபோது ஏழாவது புதன் என்று எண்ணினேன். எண்ணினேன், வேறொன்றும் இல்லை. வியாழன், வெள்ளியும் அப்படியே போயின.

சனிக்கிழமை சோதனைக்கு மெஷினில் உட்கார்ந்த முதல் எட்டுப் பேரில் நானும் ஒருவன். மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர், வெள்ளைக் கோட்டு, கையில் கோடு போடும் அடிமட்டம். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முகவரி இல்லாத கடிதம் கடிதமே அல்ல என்பார். அதனால் எந்தக் கடிதத்தை அடித்தாலும் பெறுபவர் இடத்தில் அவரவர் தங்கள் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் அடிக்க வேண்டும். திகதி அன்றைய திகதி. கண் புத்தகத்தை விட்டு அசையக் கூடாது. விரலையோ கடதாசியையோ பார்த்தால் அடிமட்டம் மேசையில் விழும்.

"பக்கம் நாப்பத்தொண்டு," என்றார் மாஸ்டர். "கால் மணித்தியாலம். அழிக்கப்படாது. தொடங்குங்கோ."

புரட்டினேன். ஒரு கம்பனி தன் வாடிக்கைக்காரருக்கு எழுதும் அனுதாபக் கடிதம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தங்கள் தகப்பனார் காலமான செய்தியறிந்து மிகவும் வருந்துகிறோம். நேர்மையும் நிதானமும் உள்ள ஒருவரை இழந்துவிட்டோம். அன்னாருக்குச் செய்ததுபோலவே தங்கள் கட்டளைகளையும் கவனத்தோடு நிறைவேற்றக் காத்திருக்கிறோம்.

எட்டு மெஷினும் ஒரே நேரத்தில் தட்டத் தொடங்கின. எட்டுப் பேரும் தங்கள் தங்கள் தகப்பன்மார் செத்துப்போனதாகத் தங்களுக்கே எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்து மெஷினில் என் கூட்டாளி. அவன் தகப்பன் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். தலை திருப்பாமல் முணுமுணுத்தான்.

"எங்கப்பா காலையில பெரட்டுக்களத்துல நின்னு ஆளுகள ஏசிக்கிட்டு இருந்தாரு. பத்து மணிக்கு நான் கொன்னுட்டேன் மச்சான்."

பின்னாலிருந்த ஒருவன் மூக்கால் சிரித்தான். அடிமட்டம் விழுந்தது.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. விரல்கள் சீராகப் போயின. வருந்துகிறோம் என்ற சொல்லையும் கட்டளைகள் என்ற சொல்லையும் ஒரே அழுத்தத்தில்தான் அடித்தேன். எட்டுப் பேரில் முதலாவதாகக் கடதாசியை உருவி மாஸ்டரின் மேசையில் வைத்தவன் நான்தான்.

அவர் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனார். தலையை ஆட்டிக்கொண்டே போனவர் உச்சியில் நின்றார். சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"பழைய வருசம் அடிச்சிருக்கிறீர்," என்றார். "ஜனவரியிலை எல்லாரும் விடுற பிழைதான்." பிறகு இன்னும் குனிந்து பார்த்தார். "மாசமும் பிழை. நாளும் பிழை. இதென்ன திகதி தம்பி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். டிசம்பர் மாதத்து அந்தப் புதன்கிழமை.

"அண்டைக்கித்தான் சேர்," என்றேன்.

"எண்டைக்கு?"

"வாப்பா மவுத்தான நாள்."

மற்ற மெஷின்கள் தட்டிக்கொண்டே இருந்தன. அவர் என்னைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார்.

"காய்ச்சல் எண்டெல்லோ சொன்னனீர்."

"ஓம் சேர்."

அவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து திகதியைச் சுற்றி வட்டம் போட்டுக் கடதாசியை என்னிடமே தந்தார். "திகதி பிழைச்ச கடிதம் கந்தோரை விட்டு வெளிக்கிடப்படாது. பாஸ் போட என்னாலை ஏலாது. வாற சனிக்கிழமை திரும்ப வாரும், வேற கடிதம் தாறன். இடம் ரெண்டிலை ஒண்டை அதுவரைக்கும் பிடிச்சு வைக்கலாம்."

அவர் செய்தது நியாயம். கூட்டாளியின் பக்கம் சுத்தமாக இருந்தது, அவனுக்கு முதல் இடம் கிடைத்தது. படிக்கட்டில் இறங்கும்போது விஷயம் தெரிந்து அவன் என் தோளில் கை வைத்தான். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா," என்றான். "உனக்குத் தெரியாதே," என்றேன். அவன் பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். மாமாவிடம் சரி என்று சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்து என் இரண்டு சாரத்தையும் சேர்ட்டையும் மடித்துப் பையில் வைத்தேன். உம்மா உள்ளறையிலிருந்து கூப்பிட்டார்.

"கையில என்த கடதாசி மகன்?"

"சோதனையில அடிச்சது உம்மா. பெயிலாகிட்டேன்."

"என்த எழுதியீக்கி?"

புத்தகத்தில் உள்ள கடிதம், நானே எனக்கு அடித்தது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன். உம்மா வெள்ளைச் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நேர்மையும் நிதானமும் என்ற இடத்தில், "அது மெய்தான்," என்றார். கடைசி வரியில், "கட்டளைண்டா என்த கட்டளை?" என்று கேட்டார். "சாமானுக்கு ஓடர் கேக்கிறாங்க உம்மா," என்றேன். "அதையும் உடமாட்டாங்க," என்றார். வாப்பா போன பிறகு அவர் முகத்தில் சிரிப்புப் போல ஒன்றை அன்றுதான் கண்டேன்.

"எதுக்குப் பெயில் போட்டார்?"

"திகதி பிழை." வாற சனிக்கிழமை திரும்ப வரச் சொன்னதையும் சொல்லி, திகதியை வாசித்துக் காட்டினேன்.

உம்மா கடதாசியை வாங்கி, தெரியாத எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"திகதி சரிதானே மகன்," என்றார்.

மறுநாள் மாமா வந்தார். இத்தாவில் இருக்கும் பெண்ணைத் தம்பி பார்க்கலாம், அதனால் நேரே உள்ளறைக்குப் போனார். நான் பையோடு வெளியே நின்றேன்.

"இவன் நாளைக்கிக் கண்டிக்கிப் போவான்," என்று உம்மா சொல்வது கேட்டது.

"சனிக்கிழம வரைக்கும்தானே தாத்தா பேச்சு."

"வாற சனியும் சனிதான்."

மாமா வெளியே வந்தார். என் பையைப் பார்த்தார். "சாரத்தத் திரும்ப அலுமாரியில வை," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் எனக்குத் தந்தது தேயிலைப் பெட்டிகள் பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதம். முதலில் திகதியை அடித்தேன். அடிமட்டம் விழுந்தாலும் விழட்டும் என்று கண்ணைத் திருப்பிக் கடதாசியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடிமட்டம் விழவில்லை. மாஸ்டர் அந்த நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கந்தோரில்தான் நீங்கள் எல்லாரும் பிறக்கும் வரைக்கும், பிறந்த பிறகும் வேலை செய்தேன். என் வாப்பாவுக்காக எங்கள் வீட்டுக்கு எழுத்தில் வந்த அனுதாபம் இது ஒன்றுதான். அதனால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.