வாசலில் வேப்பிலை

பெரம்பலூருக்கும் ஃப்ளூ வந்துவிட்டதாம். தெருவே அலறியது. வீராதிவீரனான நானும் வீட்டுக்குள் ரெண்டு மாஸ்க் மாட்டிக்கொண்டு வாசல் நிறைய வேப்பிலை கட்டினேன். தழையைக் கண்டதும் கிருமி மிரண்டு ஓடுமாக்கும்!

அந்தக் கசந்த வாடை என்னைச் சின்ன வயதில் இருந்த உடையார்பாளையத்து வீட்டுக்கு இழுத்துப்போனது. அப்போதும் ஊரில் ஏதோ விஷக்காய்ச்சல் என்று புரளி. பயந்தாங்கொள்ளியான அப்பா நிலைப்படி மறையுமளவுக்கு வேப்பிலை செருகினார். அன்றைக்குத்தான் அக்காவைப் பெண் பார்க்க விக்கிரமங்கலத்திலிருந்து வந்தார்கள். வாசலைப் பார்த்ததுமே மாப்பிள்ளையின் அம்மா, "வூட்ல அம்மை போட்டிருக்கு, வாங்க போவலாம்" என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார். உள்ளே கேசரி ஆறியது. பட்டுச்சேலையோடு அக்கா அழுதாள். அப்பாவோ, "பாத்தியா, காய்ச்சல் உள்ள வரல" என்றார்.

அந்த மேதைக்குப் பிறந்தவன் வேறெப்படி இருப்பேன்?

நான் தழை கட்டிய மறுநாள் அரியலூரிலிருந்து என்னைப் பார்க்க அக்கா பஸ் ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டா, அன்னைக்கு அவங்க திரும்பிப் போனாங்க. நானும் போவட்டுமா?"

"ஐயோ, உள்ள வாக்கா."

"மொதல்ல அந்தத் தழைய அவுத்து ஆட்டுக்குப் போடு. நம்ம குடும்பத்துக்கு உதவாதது அதுக்காச்சும் உதவட்டும்."