குங்குமம் படாத தட்டு

காஞ்சிபுரத்தில் ஆயுத பூஜையன்று பொட்டு இல்லாமல் தப்பிக்கிற பொருள் எதுவும் இல்லை. தறி, தையல் மெஷின், ஆட்டோ, அரிவாள்மணை, எல்லாவற்றுக்கும் உண்டு. இது தெரிந்தும், இதே ஊரில் பிறந்த நான், ஆறு மொட்டைமாடிகளில் தூசித் தட்டுகளை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

காற்றில் வரும் உலோகத் துகள்கள் ஒரு மாதத்தில் எவ்வளவு படிகின்றன என்று அளக்க, ஸ்டாண்டின் மேல் வைக்கிற தட்டுகள் அவை. எங்கள் தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை ஒட்டியே அங்கன்வாடி. பிள்ளைகள் தரையில் உருண்டுவிட்டு அதே கையை வாயில் வைக்கும். அங்கே ஈயம் விழுவதைக் காட்டிவிட்டால் பட்டறையைக் கிளப்பிவிடலாம். அதற்காகத்தான் கல்லூரி ஆய்வுக்கூட வேலையோடு இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மாதம் முடிந்து எடுக்கப் போனால், முதல் வீட்டுத் தட்டின் நடுவில் சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ.

"உன் மிஷினு நல்லா ஓடணும்னுதான் வெச்சேன்மா. தப்பா?" என்றார் வீட்டுக்காரம்மா.

மலிவுக் குங்குமத்திலேயே ஈயம் இருக்கலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த மூன்று வீடுகளிலும் இதே பக்தி. அதற்குள் பட்டறை முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. "குங்குமத்த அளந்துக்கினு எம்மேல பழி போடுதா அந்தப் பொண்ணு?" என்று டீக்கடையில் சிரித்தாராம்.

அங்கன்வாடி மாடிக்குச் சமையல்கார அக்காவோடு ஏறினேன். தட்டில் சாம்பல் நிறத் தூசி மட்டும்தான்.

"நீங்க பொட்டு வெக்கலையாக்கா?"

"வெக்காம இருப்பனா? தூசி அளக்கற தட்டுல நாமளே தூசி போட்டா என்னாத்துக்கு ஆவும்? ஸ்டாண்டு காலுக்கு வெச்சிருக்குது பாரு."

சாம்பார் வாசனையோடு இருந்த அந்த அக்காவை அப்படியே கட்டிக்கொண்டேன்.

ஆறாவது தட்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பட்டறையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஏனாத்தூரில், பூட்டிய கல்லூரி மாடியில் இருந்தது. அதைக் கும்பிட ஆள் இல்லை. இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் அளந்தோம். கல்லூரித் தட்டில் ஈயம் பெயருக்குத்தான் இருந்தது. அங்கன்வாடித் தட்டிலோ அதைப் போலப் பல மடங்கு.

என் புகாரை விசாரிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்தபோது முதலாளி மறுபடியும் குங்குமக் கதையை எடுத்தார். அக்கா விடவில்லை. "மேல வந்து பாருங்க சார், பொட்டு எங்க இருக்குதுன்னு" என்று அதிகாரியை மாடிக்கே ஏற்றிவிட்டார். மழையில் வெளுத்துப்போயும் ஸ்டாண்டின் காலில் பொட்டு தெரிந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, பட்டறையை மூட உத்தரவு போட்டார்.

உலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று அக்கா நடுத்தெருவில் பூசணிக்காய் உடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் வாய்விட்டே கத்தினேன். பட்டறை போன பிறகு அங்கன்வாடி மாடியில் வைத்த தட்டின் அளவும் வந்தது. அதிலும் ஈயம் பெயருக்குத்தான்.

இந்த ஆயுத பூஜைக்கு மற்ற நான்கு வீடுகளுக்கும் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டேன். பிறகு அங்கன்வாடி மாடியேறி, ஸ்டாண்டின் காலுக்கு நானே பொட்டு வைத்தேன். கீழே பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன.